பொறியொடு பொருதல்

விளையாட்டென்பது பொழுதுபோக்கே யென்று பலரும் கருதுவர். ஆயினும், ஒருவன் எவ்வாறு விளையாடுகின்றான் என்பதைக் கூர்ந்து நோக்குவார்க்கு, அவன் எவ்வாறு வாழ்வான் என்பதும் ஓரளவு புலனாகாமற் போகாது. வெற்றியிற் செருக்குதலும், தோல்வியிற் சோர்தலும், தன் தோல்விக்குப் பிறரைக் காரணங் காட்டுதலும், ஒருவருங் காணாவழிக் காயை இடம் மாற்றி வைத்தலும் ஆடுகளத்தில் முளைவிட்டுப் பின்னர் வாழ்க்கைக் களத்தில் மரமாவன. ஆதலின், மாணாக்கரது விளையாட்டு ஆசிரியரது கருத்துக்குப் புறம்பான தன்று.

சின்னாட்களின் முன், கொட்டாஞ்சேனையிற் பாடசாலையொன்றிற் கற்பிக்கும் நண்பரொருவர் வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தார். அவர்தம் வகுப்பிலே பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவன் சதுரங்கத்திற் பேரார்வங் கொண்டவன்; அப்பாடசாலையில் அவனை வெல்வார் இலர். அவன் விடுமுறை முழுவதும் தந்தையாரது கைத்தொலைபேசியிலுள்ள சதுரங்கப் பொறியோடு ஆடி, ஓராட்டமேனும் வெல்லமாட்டாதவனாய்ப் பலகையையுங் காய்களையும் ஒரு துணியிற் கட்டி அலுமாரியின்மேல் ஏற்றிவிட்டானாம். நண்பர் காரணம் வினவியபோது, "சேர், அதை உலகத்திலை ஒருவராலும் வெல்ல ஏலாதாம். பிறகேன் நான் மினக்கெட வேணும்?" என்றானாம்.

நண்பர் விடை கூறமாட்டாது மயங்கினார். யாமும் அப்பொழுதே விடை கூறிற்றிலேம். சிறுவனது வினா சதுரங்கத்தோடு முடிவதன்று. கணக்குச் செய்யவும், கட்டுரை வரையவும், மொழிபெயர்க்கவும் வல்ல பொறிகள் இன்று மாணாக்கர் கையகத்தே வந்துவிட்டன. இன்று சதுரங்கத்தைக் குறித்து, 'ஏன் யான் உழைத்தல் வேண்டும்' என்று கேட்ட பிள்ளை நாளைக் கணக்கைக் குறித்துங் கேட்பான். மறுநாள் மொழியைக் குறித்துங் கேட்பான். அவனுக்கு ஏற்ற விடை நம்மிடத்து இல்லையாயின், வகுப்பறையில் நாம் நிற்பதற்கும் நியாயமில்லை. ஆதலின் அவ்வினாவை ஈண்டு ஒருசிறிது ஆராயப் புகுந்தேம்.

முதற்கண் வரலாற்றைச் சுருங்க நோக்குவாம். பொறி சதுரங்கமாட வேண்டுமென்னும் ஆசை புதிதன்று. 1770ஆம் ஆண்டில் வியன்னா அரசவையிலே கெம்பெலென் என்பார் துருக்கியன் வடிவினதாகிய பதுமையொன்றைக் காட்டினார். பெரியதொரு பெட்டியின்பால் வீற்றிருந்த அப்பதுமை, தானே காய் நகர்த்தி எதிர்த்தாரை வென்றது. 1809இல் நெப்போலியனும் அதனோடு ஆடித் தோற்றான் என்பர். உண்மையில் அப்பெட்டியினுள்ளே ஆட்டம் வல்ல மனிதனொருவன் மறைந்திருந்தான். வஞ்சமின்றித் தானே ஆடிய பொறியை ஸ்பானிய நாட்டுத் தொரெஸ் கெவெதோ என்பார் 1912இல் இயற்றினார். அதுவும் அரசனுங் கோட்டையும் ஓரரசனைத் துரத்தும் இறுதிநிலை ஒன்றே ஆடவல்லது.

பின்னர்க் கணினி தோன்றிற்று. 1996ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில், அந்நாள் உலகவாகையராகிய கஸ்பரோவ், ஐ.பி.எம். கம்பனியாரது டீப் புளூ என்னும் பொறியை 4க்கு 2 என்னும் புள்ளிகளால் வென்றார். மறு ஆண்டு மே மாதத்தில் நியூயோர்க் நகரில் அப்பொறியே அவரை 3½க்கு 2½ என வென்றது. நொடியொன்றுக்கு ஏறக்குறைய 20 கோடி நிலைகளை எண்ணிப் பார்க்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 2006ஆம் ஆண்டு ஜெர்மனியிலுள்ள பொன் நகரில், மற்றோர் உலகவாகையராகிய கிராம்னிக், டீப் பிரிட்ஸ் என்னும் பொறிக்கு 4க்கு 2 எனத் தோற்றார். அப்போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில், அடுத்த ஒரே நகர்த்தலில் தம் அரசன் அகப்படுவதைக் காணாது வேறொரு காயை நகர்த்தினார். தொடக்க மாணாக்கனும் காணத்தக்க பிழை உலகத் தலைவர்க்கு நேர்ந்தது. பொறிக்கு அத்தகைய அயர்ச்சி நேர்வதில்லை.

அதன்பின் மனிதர் பொறியோடு ஒத்த நிலையில் நின்று பெரும்போட்டி ஆடுதலை ஏறக்குறைய விட்டனர். உலகத்துச் சதுரங்க வல்லுநருள் மிகவுயர்ந்த தரப்புள்ளி பெற்றவர் நோர்வே நாட்டுக் கார்ல்சன். 2014இல் அவர் எய்தியது 2882. இன்றைய பொறிகளுக்குத் தரமளப்போர் 3500க்கும் மேலாகக் கணக்கிடுகின்றனர். அளவுகோல் வேறாதலின் இரண்டையும் நேரே ஒப்பிடுதல் முற்றும் பொருந்தாதெனினும், இடைவெளி பெரிதென்பது தெளிவு. அன்று ஒன்றேகால் தொன்னுக்கு மேற்பட்ட எடையுடைய டீப் புளூ செய்த தொழிலினும் மேலானதை, இன்று விலையின்றிக் கிடைக்கும் ஸ்டொக்பிஷ் என்னும் நிரல் சட்டைப்பையிலுள்ள தொலைபேசியிலிருந்தே செய்கின்றது. ஆகவே, 'ஒருவராலும் வெல்ல ஏலாது' என்று சிறுவன் கூறியது பொய்யன்று. அதனை மறுத்து அவனைத் தேற்றப் புகுவோமாயின், அது பொய்யுரைத்துத் தேற்றுதலாம். உண்மையை ஒப்புக்கொண்ட பின்னரே விடை தேடல் வேண்டும்.

இனி, இவ்விடயத்து எழும் தடைகளை வகுத்துரைப்பாம். அவை மூன்று. வெல்லலாகாதென்று தெரிந்த பகையோடு பொருதல் மடமையன்றோ என்பது முதலாவது. மனிதரது அறிவினும் பொறியின் அறிவு மேலாயின் மனித அறிவுக்கு மதிப்பென்னை என்பது இரண்டாவது. விடையைப் பொறியே தருமாயின் அதனைத் தேடி உழைப்பது வீண் முயற்சி யன்றோ என்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதே ஏனையிரண்டற்கும் வேராதலின், அதனை முதற்கண் எடுத்துக்கொள்வாம்.

'பொறி' என்னுஞ் சொல் நம் மொழியில் இரு பொருள் உடையது. இயந்திரத்தையும் பொறி என்போம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தையும் பொறி என்போம். இவ்விரண்டற்கும் ஒரே சொல் வாய்த்தது நமக்குப் பெரியதோர் உதவியாம். கண் காண்கின்றதோ, கண்ணைக் கருவியாகக் கொண்டு உயிர் காண்கின்றதோ என வினவி, உயிரே காண்கின்றது என்று துணிந்தனர் நம் சித்தாந்த ஆசிரியர். தொலைநோக்கி கண்ணினும் மிகத் தொலைவு காட்டும். எனினும் தொலைநோக்கி நிலவைக் கண்டு மகிழ்ந்ததென்று யாரும் கூறார். பாரந்தூக்கி நூறு மல்லர் தூக்கமாட்டாத சுமையைத் துறைமுகத்தில் எளிதில் தூக்கும். எனினும் அதனைப் பார்த்து மல்லர் தம் பயிற்சியை விட்டிலர். கணக்கிடுதலாகிய தொழிலிற் சதுரங்கப் பொறியும் அவ்வாறே நிற்பது.

அற்றேல், 'அப்பொறி மனிதர் கற்பித்தவற்றை மாத்திரம் எண்ணிப் பார்ப்பதன்று. தானே கற்பதும் உண்டு' என்று கூறுவார் உளராலெனின், அதுவும் உண்மையே. 2017ஆம் ஆண்டில் அல்பாசீரோ என்னும் நிரல், ஆட்டத்தின் விதிகளை மாத்திரம் பெற்றுத் தன்னோடு தானே ஆடிச் சில மணிநேரத்திற் பயின்று, அந்நாளைய ஸ்டொக்பிஷை 100 ஆட்டங்களில் 28 வென்று, 72 சமன் செய்து, ஒன்றேனுந் தோலாது மேம்பட்டது. அதன் ஆட்டங்களைக் கண்ட வல்லுநர், காயிழந்தும் இடம் பெறும் அதன் துணிவை வியந்து தாமும் அவற்றிற் பாடங் கற்றனர். அதன் ஆற்றலை யாங் குறைத்துக் கூற வேண்டுவதில்லை. ஆயின், வென்றபொழுது தான் வென்றதை அஃது அறிந்ததோ? எதிர்த்திருந்தவன் முகம் வாடியதைக் கண்டு இரங்கிற்றோ? நாளை இன்னும் நன்றாக ஆடல் வேண்டுமென விரும்பிற்றோ? மின்சாரம் அறுமாயின் அஞ்சுமோ? விரும்புதலும், அறிதலும், முயலுதலும் ஒருங்கே உடையது உயிர். செயலின் விளைவு ஒத்திருத்தல்பற்றிச் செய்வனவும் ஒக்கும் என்பது பொருந்தாது. அன்றியும், அதனை இயற்றியவர் மனிதர். அது நின்று வென்ற களமாகிய சதுரங்கத்தைச் சமைத்தவரும் மனிதர். ஆதலின் பொறியின் வெற்றி மனித அறிவின் இழிவன்று. நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு கூடி உழைத்த அறிவு, தனியொருவர் அறிவை ஒரு துறையில் வென்றது என்பதே அதன் பொருளாம்.

இனி முதலாந் தடையை நோக்குவாம். வலியறிதல் என ஓரதிகாரமே வகுத்தார் திருவள்ளுவர். தன் வலியும் மாற்றான் வலியும் தூக்கிப் பாராது போர்மேற் செல்பவன் கெடுவான் என்பது அரசியல் உண்மை. அதனை யாம் மறுக்கின்றேமல்லேம். ஆயினும், அது போரைக் குறித்தது. போரிலே தோற்றால் நாடு போம், உயிர் போம். பயிற்சியிலே தோற்றாற் போவது யாது? அறியாமையிற் சிறு பகுதி. தன் வலியை அறிதற்கே ஒருவன் தன்னின் வலியானோடு பொருது பார்த்தல் வேண்டும். உரைகல்லிலே பொன்னை உரைக்கும் தட்டானை நோக்கி, 'கல்லைப் பொன் வென்றதோ' என்று யாரும் வினவுவதில்லை. பொன்னின் மாற்று யாதென்பதே வினா.

இதனை நன்கு விளக்கும் நிகழ்ச்சியொன்று 1997ஆம் ஆண்டுப் போட்டியிலேயே உண்டு. முதலாட்டத்திற் கஸ்பரோவ் வென்றார். எனினும் அவ்வாட்டத்தின் இறுதியிற் பொறி செய்த விளங்காத நகர்த்தலொன்று அவர் உள்ளத்தை அலைத்தது என்பர். அது நிரலிலிருந்த பழுதினால் நேர்ந்ததென்று அப்பொறியை இயற்றியவருள் ஒருவர் பின்னாளிற் கூறியதாகவுஞ் சொல்லப்படும். இரண்டாம் ஆட்டத்தில், தம் நிலை முற்றும் அழிந்ததென எண்ணிக் கஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டெழுந்தார். பின்னர் ஆராய்ந்தோர், அந்நிலையில் இடையறாது அரசனைத் தாக்கி ஆட்டத்தைச் சமன் செய்ய வழியிருந்தது எனக் கண்டனர். பொறி தவறாது என்று நம்பியதே அவர் தவறாயிற்று. அவரை அன்று வென்றது பொறி பாதி; பொறியைப்பற்றி அவர் உள்ளத்தே வரைந்துகொண்ட உருவம் பாதி. தன்னினும் வலியதன் முன் நிற்கும்பொழுது தன் கண்ணாற் பார்த்தலை விட்டுவிடாதிருத்தலே பொறியோடு பொருவார் முதற்கண் கற்கும் பாடமாம். அப்பாடம் சதுரங்கத்துக்கு மாத்திரம் உரியதன்று. பெரியோன் ஒருவன் கூறினான் என்பதுபற்றியே தன் நியாயத்தைக் கைவிடும் மாணாக்கனுக்கும், அச்சிட்ட புத்தகத்திற் பிழையிராது என்று கருதும் ஆசிரியனுக்கும் அது வேண்டப்படுவதே.

தோல்வி நேருமென்று அறிந்தும் ஆடுபவர் இன்றும் உளர். ஹிகாரு நக்கமுரா என்னும் அமெரிக்க வல்லுநர் 2016ஆம் ஆண்டில் கொமோடோ என்னும் பொறியோடு நான்கு ஆட்டம் ஆடினார். ஒவ்வோராட்டத்திலும் பொறி, காலாள் முதலாக ஏதேனும் ஒன்றை முன்னரே விட்டுக்கொடுத்து ஆடிற்று. மூன்று ஆட்டம் சமனாய் முடிய, இறுதி ஆட்டத்திற் பொறி வென்று 2½க்கு 1½ எனப் போட்டியைக் கைக்கொண்டது. விட்டுக்கொடுப்புப் பெற்று ஆடுதல் உலகின் முன்வரிசை வல்லுநர் ஒருவர்க்கு நாணந் தருவதன்றோ எனின், அன்று. தமக்கும் அப்பொறிக்கும் இடையேயுள்ள தொலைவை அளந்தறிய அவர் நாணிலர். இந்நக்கமுராவைச் சிறுவயதிற் பயிற்றியவர் அவர்தம் மாற்றாந் தந்தையாராகிய சுனில் வீரமந்திரி. நமது இலங்கையிற் பிறந்து அமெரிக்காவிற் பல்லாயிரம் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பித்தவர். இத்தீவில் விளைந்த ஆசிரியத் தொண்டொன்று அத்துணைத் தொலைவிற் பயன் தந்தமை நம்மாசிரியர் மகிழத்தக்கது.

ஈண்டு நம் நாட்டாரது பழங்கதையொன்றும் நினைவுக்கு வருகின்றது. சோழநாட்டிலே, திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலத்துக்கு அணித்தாய்த் திருப்பூவனூர் என்னுந் தலம் உளது. திருநாவுக்கரசு சுவாமிகள் பாடிய பெருமையுடையது. அங்கே இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். அரசன் மகளாய்த் தோன்றிய இராஜராஜேசுவரி சதுரங்கத்தில் ஒருவராலும் வெல்லப்படாதவளாய் இருந்தாள் எனவும், அவளை வெல்பவனுக்கே அவளை மணஞ் செய்விப்பதென அரசன் உறுதி செய்தான் எனவும், இறைவன் மாறுவேடந் தாங்கி வந்து ஆடி வென்று அவளை மணந்தருளினான் எனவும் தலவரலாறு கூறும். பொறியை இறைவனோடு ஒப்பிடுகின்றேமல்லேம். அஃது அடாத ஒப்புமை. யாங் கூற வந்தது அம்மங்கையின் நிலையைக் குறித்தே. வென்று வென்று வந்த நாள்களெல்லாம் அவளுக்குப் பேறில்லாத நாள்கள். தோற்ற ஒரு நாளே அவள் பேறு பெற்ற நாள். தன்னின் மேலானதன் முன் தோற்றல் எப்பொழுதும் இழப்பாகாது என்பதை நம் முன்னோர் ஆடற்பலகையை வைத்தே உணர்த்தினர். அன்றியும், அங்கே வென்றவன் அருளுடையவன்; தோற்றவளை ஆட்கொண்டான். பொறியோ வென்றபின் வாளா இருக்கும். ஆதலின், பொறியிடந் தோற்ற பிள்ளையைத் தாங்கிக்கொள்ளும் அருள் ஆசிரியரிடத்தினின்றே வருதல் வேண்டும். இதனை மறவாதிருக்க.

மூன்றாந் தடையே இக்காலத்து மிக வலியது. 'விடை கிடைக்கின்றதே, பின்னர் உழைப்பெதற்கு?' என்பது அது. ஈண்டு ஒருண்மையை நோக்குக. பலகையில் ஏழு காய்களே எஞ்சிய நிலைகள் அனைத்துக்கும் முற்ற முடிந்த விடையைக் கணினிகள் கண்டு பட்டியலிட்டு வைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில், இருபக்கத்தாரும் பிழையின்றி ஆடினால் 549ஆம் நகர்த்தலிலேதான் வெற்றி உண்டாம். அந்நகர்த்தல்களை வல்லுநர் முன் வரிசைப்படுத்தி வைத்தாலும், 'இஃது ஏன்' என்பது அவர்க்கு விளங்குவதில்லை. பட்டியலும் ஏனென்று கூறாது. விடை உண்டு, விளக்கம் இல்லை. விளக்கமில்லாத விடை, பெற்றவனது உடைமையாகாது. அடுத்த வினாவுக்கு அவன் மறுபடியும் கையேந்தி நிற்பான்.

நம் சித்தாந்தம் உயிரின் இயல்பைக் கூறுங்கால், அது முற்றறிவும் உடையதன்று, அறிவற்ற சடமும் அன்று. அறிவித்தால் அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது என்று கூறும். பளிங்கு தான் சேர்ந்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல, உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் இயல்பைப் பெறும். ஒரே பொறியை இரு பிள்ளைகள் இருவகையாற் சார்தல் கூடும். ஒருவன் நினையுமுன் அதனைக் கேட்டு, அது கூறியதைக் கூறி, அது நகர்த்தியதை நகர்த்துவானாயின், சடத்தைச் சார்ந்து தானுஞ் சடமாவான். அவன் பலகையின் முன் இருப்பதும் காய் பலகையின்மேல் இருப்பதும் ஒன்றே. மற்றொருவன் தன்னால் இயன்றமட்டும் எண்ணித் துணிந்து நகர்த்தித் தோற்று, 'எவ்விடத்திற் பிழைத்தேன்' எனத் தானே தேடி, அதன்பின் பொறியைக் கேட்பானாயின், அவனுக்கு அது விளக்குப் போலப் பயன்படும். விளக்குக் கண்ணுக்கு உதவும். கண்ணை மூடியிருப்பார்க்கு ஆயிரம் விளக்கும் உதவா.

இது வெறுங் கற்பனையன்று என்பதற்குச் சான்று சென்னையிலுண்டு. குகேஷ் என்னும் இளைஞர் 2024 டிசம்பர் 12ஆம் நாள், சிங்கப்பூரில், சீனத்து டிங் லிரெனைப் பதினான்காம் ஆட்டத்தில் வென்று தம் பதினெட்டாம் வயதில் உலகவாகை சூடினார். அவரைப் பயிற்றிய விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் என்னும் பட்டத்துக்குரிய தரத்தை எட்டும்வரை கணினிப் பொறிகளைத் துணைக்கொள்ள விடாது, தம் மதியாலேயே நிலைகளை எண்ணி ஆராயப் பழக்கினார். உலகத்துச் சிறுவரெல்லாம் பொறியைப் பார்த்துப் பயின்ற காலத்தில் இவர் பலகையைப் பார்த்துப் பயின்றார். பின்னர் அவரும் பொறியைப் பயன்கொண்டார். ஆயின் அப்பொழுது அதனை வினவத்தக்க வினா அவரிடம் இருந்தது. மாயவரத்திற் பிறந்த விசுவநாதன் ஆனந்தர் ஆறாம் வயதில் தாயாரிடத்தே சதுரங்கங் கற்றார். அவரே 1999இல் ஸ்பெயின் நாட்டு லெயோன் நகரில், இருவரும் கணினியை அருகில் வைத்து ஆடும் புதுவகைப் போட்டியிற் கார்ப்போவை வென்றார். தாயின் மடியிற் கற்றதும் பொறியைத் துணைக்கொண்டதும் ஒருவரிடத்தே முரணின்றி அமைந்தன. முன்னது முன்னும் பின்னது பின்னும் நின்றமையே அதற்குக் காரணம். ஆதலின் வினா 'பொறி வேண்டுமோ வேண்டாவோ' என்பதன்று. 'எப்பொழுது, எவ்வளவு' என்பதே.

நிற்க, இவ்விடயத்து ஒழுக்கம்பற்றிய பகுதியொன்று உண்டு. அதனைக் கூறாது விடின் இக்கட்டுரை குறையுடையதாம். முன்னர்க் கூறிய துருக்கியப் பதுமையினுள் மனிதன் மறைந்திருந்து பொறியென நடித்தான். இன்று மனிதனது சட்டைப்பையுட் பொறி மறைந்திருந்து மனிதனென நடிக்கின்றது. உலகப் பெயர் பெற்ற ஆட்டக்காரரும் போட்டி நடக்குங்காற் கழிப்பறையிற் சென்று தொலைபேசியை நோக்கி அகப்பட்டுப் பட்டம் இழந்துள்ளனர். இது தொலைவிலுள்ளார் செய்தி மாத்திரமன்று. சில ஆண்டுகளின் முன், பாடசாலை மாணாக்கர் போட்டியொன்றில் இவ்வாறு அகப்பட்ட சிறுவனொருவனை யாம் அறிவேம். அவன் அழுதான். உடன்வந்த பெரியவரோ, "எல்லாரும் செய்யிறதுதானே" என்றார். அச்சிறுவனது கண்ணீரில் இருந்த அறம் அப்பெரியவரது சொல்லில் இருந்திலது. வெற்றியொன்றையே பயனெனக் கற்பித்தோர் வஞ்சகத்தையும் உடன் கற்பித்தோராவர். ஏனெனில், வெற்றிக்குக் குறுக்குவழி இன்று எல்லார் கையிலும் உளது.

பிறரைக் குறைகூறிவிட்டு எம் குறையை மறைத்தல் நேர்மையன்று. யாமும் ஒரு மாலைப்பொழுதில் தொலைபேசிப் பொறியை அதன் மிகத் தாழ்ந்த படியில் வைத்து ஆடினேம். மூன்றுமுறை தோற்றேம். நான்காம் முறை, நகர்த்தலை மீளப்பெறும் பொத்தானைப் பலகால் அழுத்தி ஒருவாறு வென்று, இல்லத்தார்க்கு அவ்வெற்றியைப் பெருமையோடு கூறினேம். அருகிருந்த சிறுமியொருத்தி திரையை நோக்கி, "எத்தனை தரம் திருப்பி எடுத்தீங்கள், தாத்தா?" என்றாள். பொறி எம்மைக் கடிந்திலது. யாம் பொய்த்ததை அஃது அறியவுமாட்டாது. ஆயினும் எம் நெஞ்சு அறிந்தது. பொறியோடு ஆடுங்காற் காண்பார் ஒருவருமிலர். வஞ்சிக்கப்படுவாரும் ஒருவருமிலர், தன்னையன்றி. ஆகவே, தனித்திருந்து பொறியோடு ஆடுதல் அறிவுக்குச் சோதனையாவதிலும் உண்மைக்குச் சோதனையாதல் பெரிது.

இனி ஆசிரியர் செய்யத்தக்கன சிலவற்றைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, பிள்ளைகளை முதற்கண் மனிதரோடு ஆடப் பழக்குக. எதிரிருப்பவன் முகத்தை நோக்கி ஆடுதலும், தோற்றபின் கைகொடுத்து எழுதலும் பொறியிடங் கற்கலாகாதன. இரண்டாவது, பொறியோடு ஆடும் பருவம் வந்தபின் அதன் படியைத் தாழ்த்தி, மூன்றில் ஓராட்டமேனும் பிள்ளை வெல்லத்தக்க நிலையில் வைக்க. கூர்ங்கல்லிலே தீட்டினால் வாள் கூராகும். பாறையில் ஓங்கி அறைந்தால் முறியும். மூன்றாவது, நகர்த்தலை மீளப்பெறுதலை ஒருபோதும் அனுமதியாதிருக்க. நான்காவது, தோற்ற ஆட்டத்தை ஏட்டில் எழுதுவித்து, தான் பிழைத்த இடம் இதுவெனப் பிள்ளையே குறித்தபின் பொறியின் கருத்தைக் கேட்பிக்க. இரண்டுந் தம்முள் ஒவ்வாவழி, பொறி அவ்வாறு கூறுவது ஏன் எனக் காரணந் தேடச் செய்க. ஐந்தாவது, வென்றவனைப் புகழுமுன் தன் பிழையைத் தானே கண்டு கூறியவனைப் புகழ்க. கணக்குக்கும் கட்டுரைக்கும் இவையே ஏற்ற பெற்றி பொருந்தும். பிள்ளை கொணர்ந்த விடையை நோக்குமுன், அவ்விடைக்கு வந்த வழியை வாயாற் கூறச் செய்க.

நண்பர்க்கு யாங் கூறிய விடை இவ்வளவே: "மினக்கெட்டால் நீ பொறியை வெல்லமாட்டாய், அது மெய். ஆனால் மினக்கெட்டால் நேற்றைய உன்னை வெல்வாய். பொறி நாளை எப்படியிருக்கும் என்பது அதைச் செய்பவர் கையில். நீ நாளை எப்படியிருப்பாய் என்பது உன் கையில். அதனோடு ஆடிப் பார்ப்பது, உன் வலி இன்று எவ்வளவென்று அறிவதற்கே." நண்பர் அதனைத் தம் சொல்லில் அச்சிறுவனுக்குக் கூறுவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

பின்னொரு நாள் அவர் எழுதிய கடிதத்திற் கண்ட செய்தி இது. சிறுவன் பலகையை இன்னும் முற்றும் இறக்கிற்றிலன்; ஆயினும், தான் தோற்ற ஆட்டமொன்றைக் குறித்தெழுதிய ஏட்டை ஆசிரியரிடங் கொணர்ந்து, "இந்த இடத்திலைதான் பிழைச்சனான் எண்டு நினைக்கிறன்; சரியோ, சேர்?" என்று வினவினானாம். நண்பர் சதுரங்கம் நன்கறியாதவர், 'எனக்குந் தெரியாது, இருவருமாகப் பார்ப்போம்' என்று கூறி, பாடம் முடிந்தபின் அவனோடு இருந்தாராம். அக்குறிப்பில் அவன் காட்டிய இடம் சரியோ பிழையோ, யாம் அறியேம். ஆயினும் பொறி விடுக்கமாட்டாத வினாவொன்று அங்கே விடுக்கப்பட்டது. பொறி கூறமாட்டாத விடையொன்று அங்கே கூறப்பட்டது. வினவுவாரும், உடனிருந்து தேடுவாரும் உள்ளவரை கல்விக்குக் குறைவில்லை. அத்தகைய ஆசிரியர் நம் பாடசாலைதோறும் பெருகுக.